ஷிப்பிங் பில்லில் யார் பெயர் இருக்கிறது?

பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் சுங்கத் தரகராகத் தொழில் செய்யத் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சரக்கு வெளியே போகும்போது நாங்கள் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஆவணம் ஷிப்பிங் பில்; உள்ளே வரும்போது தாக்கல் செய்வது பில் ஆஃப் என்ட்ரி. பெரிய வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வேலையைப் பார்க்கும் தரகரின் மேசைக்கு இவ்விரண்டும் ஒரே வாரத்தில், ஒரே நிறுவனத்தின் பெயரில் வந்து சேரும். இறக்கிய உதிரிபாகங்களின் மதிப்பு ஒரு கோப்பிலும், அவற்றைக் கோத்து முடித்து அனுப்பும் பொருளின் மதிப்பு மற்றொன்றிலும் இருக்கும். ஏற்றுமதி உயர்ந்தது என்று செய்தித்தாளில் நாம் படிக்கும் தலைப்பு இரண்டாவது கோப்பை மட்டும் கூட்டிச் சொல்வது.

சென்ற மாதம் வியாசர்பாடியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். தந்தை நடத்திய பிரஸ் ஷாப்பை, அதாவது உலோகத் தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் பட்டறையை, இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். “சார், பெரிய ஃபாரின் கம்பெனிக்கு சப்ளை பண்ணா நாமளும் எக்ஸ்போர்ட்டர் மாதிரிதானே?” என்று கேட்டார். அந்த ‘மாதிரி’ என்ற சொல்லுக்குள் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. இவரைப் போன்ற பலர் அதே எண்ணத்தில் ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்துவதைப் பார்த்திருப்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வளரும் நாட்டின் ஏற்றுமதியை வெளிநாட்டு நிறுவனங்கள் உயர்த்துகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் பட்டறையில் அடித்த ஒரு கிளாம்பை ஜெர்மனியில் ஒருவர் வாங்க வேண்டுமானால், நாம் யார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், நம் சோதனைச் சான்றை அவர் நம்ப வேண்டும், குறித்த நாளில் சரக்கு வந்து சேரும் என்பதற்கு முன்வரலாறு வேண்டும். இவையெல்லாம் சேர்வதற்குள் பட்டறைக்காரருக்குத் தலை நரைத்துவிடும். வெளிநாட்டு நிறுவனமோ வாங்குபவரைக் கையோடு அழைத்து வருகிறது. பல சமயங்களில் வாங்குபவரே அதன் இன்னொரு கிளைதான். உலக வணிகத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் பன்னாட்டு நிறுவனங்களின் உற்பத்தி வலைப்பின்னலோடு தொடர்புடையது என்று ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பான அன்க்டாட் 2013ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. அந்த வலைக்கு வெளியே நின்றுகொண்டு பெரிய அளவில் ஏற்றுமதி செய்வது கடினம்.

சீனாவின் ஏற்றுமதியில் வெளிநாட்டு முதலீடு கொண்ட நிறுவனங்களின் பங்கு 1980களின் நடுவில் ஒரு சதவீத அளவில்தான் இருந்தது. 2005இல் அது சுமார் 58 சதவீதமாக உயர்ந்தது. இப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இந்த இறக்கத்துக்குக் காரணம் வெளிநாட்டார் வெளியேறியது மட்டுமன்று. அவர்களுக்குச் சரக்குக் கொடுத்துப் பழகிய உள்ளூர் நிறுவனங்கள் தம் பெயரிலேயே கப்பலேற்றத் தொடங்கியதும்தான். வியட்நாமில் அந்தப் பங்கு இன்னும் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கோஸ்டா ரிகாவில் 1990களின் இறுதியில் இன்டெல் ஆலை வந்தபோது அந்தச் சிறிய நாட்டின் ஏற்றுமதிக் கணக்கே தலைகீழாக மாறியது. 2014இல் சில்லுகளைக் கோத்துச் சோதிக்கும் பணியை நிறுவனம் ஆசியாவுக்கு மாற்றியபோது கணக்கு மறுபடியும் மாறியது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த வேலையில் ஒரு பகுதி திரும்பி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் தொலைதூரக் கதைகளாக எண்ண வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்வந்தால் மூன்று நூற்றாண்டுக் கதையும் கண்ணுக்குத் தெரியும். இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக நாம் வாசிக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதித் துணி வேண்டியிருந்தது. அதற்காக நெசவாளர்களைக் குடியமர்த்தினார்கள். நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. வெளிநாட்டு நிறுவனமும் நம் ஏற்றுமதியும் வடசென்னைக்குப் புதியவை அல்ல. துணி கப்பலேறியது, எந்தச் சந்தையில் யார் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது மட்டும் காலடிப்பேட்டை நெசவாளருக்குத் தெரியாமலே இருந்தது.

அதே சாலையில் இதற்கு நேர்மாறான உதாரணங்களும் உண்டு. திருவொற்றியூரில் 1946இல் பலூன் பொம்மை செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்து 1961இல் டயர் தயாரிப்பில் இறங்கியது. 1967இல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. இன்னொன்று என்ஃபீல்டு. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து நிறுவனத்தோடு 1955இல் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. 1970ஐ ஒட்டி ரெடிட்ச் நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. இன்று அந்தப் பெயரில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஏற்றுமதியாகின்றன. சொல்லிக்கொடுத்தவர் போன பிறகும் தொழில் நின்றுபோகாததற்குக் காரணம், வரைபடமும் அச்சும் கைப்பழக்கமும் வாங்குபவரின் முகவரியும் இங்கே தங்கிவிட்டதுதான்.

1990களில் வந்த கார் நிறுவனங்களை நான் என் தொழிலின் தொடக்கத்திலிருந்தே பார்த்து வருகிறேன். அவை முதலில் நம் உள்நாட்டுச் சந்தையைக் குறிவைத்தே வந்தன. இறக்குமதிக் கார் மீதிருந்த வரிச்சுவரைத் தாண்ட இங்கே ஆலை கட்டுவதுதான் வழியாக இருந்தது. இந்த இடத்தில் அரசின் கொள்கைக்கு ஒரு பங்கு உண்டு. 1997 டிசம்பரில் வந்த மோட்டார் வாகனக் கொள்கை, உதிரிபாகங்களில் 50 சதவீதத்தை மூன்று ஆண்டுகளிலும் 70 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளிலும் உள்நாட்டில் வாங்க வேண்டும், இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போட வைத்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றன, நிபந்தனைகளும் விலக்கப்பட்டன. ஆனால் அதற்குள் திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் உதிரிபாகத் தொழில் வேர்பிடித்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1999இல் ஏற்றுமதியைத் தொடங்கி, 2020 தொடக்கத்தில் முப்பது லட்சம் கார்களைக் கடந்தது.

நிலக்கரிக்காக 2001இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில் பின்னாளில் கார் ஏற்றும் கப்பல்களும் வந்து நின்றன. ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கார்களைக் கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிச் சென்று நிறுத்திவிட்டு, வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த காரை எடுப்பார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, ஒவ்வொரு காரிலும் எத்தனை பட்டறைகள் உள்ளே போகின்றன என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷிப்பிங் பில்லில் அந்தப் பட்டறைகளின் பெயர் ஒன்றுகூட இருக்காது.

கைபேசிக் கதை இன்னும் வேகமானது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால், மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விடுபட்டுப் போனது. பின்னர் சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. இப்போது ஐபோன் காலம். தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2022-23இல் 537 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி டாலர். இந்த வளர்ச்சியைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. பல்லாயிரம் இளம்பெண்களுக்குக் கிடைத்திருக்கும் வேலையும் சம்பளமும் நிஜம். ஆனால் நான் தொடக்கத்தில் சொன்ன முதல் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லும் திரையும் கேமராவும் பெரும்பாலும் இறக்குமதியாகும் வரை, இரண்டு கோப்புகளுக்கும் இடையிலான வித்தியாசம்தான் நம் கையில் நிற்பது.

இனி வியாசர்பாடி இளைஞரின் தந்தைக்கு வருகிறேன். மூன்று பிரஸ், இருபத்திரண்டு பேர். வெளிநாட்டுக் கார் நிறுவனம் ஒன்றுக்கு நேரடியாகச் சரக்குக் கொடுத்த நிறுவனத்துக்கு இவர் ஒயரிங் கிளாம்ப் அடித்துக் கொடுத்தார். கார் வெளிநாடு போயிற்று என்பதால் தாமும் ஏற்றுமதித் தொழிலில் இருப்பதாக உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், அதில் தவறொன்றுமில்லை. அவரிடம் இருந்தது ஓபன் ஆர்டர். அதில் விலை இருக்கும், அளவு இருக்காது. அளவு மாதாமாதம் ஷெட்யூலாக வரும். அந்த மாதத்து எண்ணிக்கை உறுதியானது, அடுத்த இரண்டு மாதத்துக்குக் காட்டுவது உத்தேசம். உத்தேசத்தை உறுதி என்று நம்பி, விலை ஏறுவதற்கு முன் மூன்று மாதத்துக்கான காயிலை (தகட்டுச் சுருளை) வாங்கிப் போட்டார். அந்த மாடல் நின்றது. டை, அதாவது தகட்டை வடிவாக்கும் அச்சு, வாடிக்கையாளருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், ஒரு சனிக்கிழமை வண்டி வந்து ஒன்பது டைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. காயில் கொட்டகையிலேயே துருப்பிடித்தது. வேறொரு வாடிக்கையாளரைத் தேடிப் போனபோது, இத்தனை ஆண்டு எந்தத் தரத்தில் அடித்தார் என்பதைக் காட்டும் ஒப்புதல் ஆவணத்தின் நகல்கூட அவரிடம் இல்லை. எல்லாம் மேலே இருந்த நிறுவனத்திடம்.

ஒன்று மட்டும் தங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து துண்டை எடுத்து, அளவு சரிபார்க்கும் கேஜில் போட்டுப் பார்த்து, பலகையில் எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கம். அந்த நிறுவனத்தின் தர ஆய்வாளர் வந்து வந்து கத்தி உண்டாக்கிய பழக்கம் அது. நைரோபியிலிருந்து ஒரு டிரெய்லர் பாடி கட்டுபவர் வியாசர்பாடிக்கு வந்தபோது அவர் நின்று பார்த்தது அந்தப் பலகையைத்தான் என்று மகன் சொல்கிறார். பொருளாதார நூல்களில் அறிவுப் பரவல் என்று எழுதுவதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

எனவே வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கொடுக்கும்போது காகிதத்தைப் படியுங்கள் என்பேன். டை யாருக்குச் சொந்தம், ஷெட்யூலை நம்பி வாங்கிய மூலப்பொருளுக்கு எத்தனை வாரம் வரை வாடிக்கையாளர் பொறுப்பேற்பார், ஆர்டர் நின்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, தங்கள் உற்பத்தி லைன் நின்றது என்று நம் பணத்தில் பிடித்தம் செய்ய டெபிட் நோட் போட்டால் அதற்கு உச்சவரம்பு உண்டா என்பவற்றைக் கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வரி கிடைக்கும். பின்னால் கேட்டால் கிடைக்காது. தர ஒப்புதல் ஆவணங்களின் நகலை உங்கள் கோப்பிலும் வையுங்கள். நிறுவனம் எந்த நாட்டுடையதானாலும், இந்தியாவில் பதிவுபெற்ற வாங்குபவர், உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வருமானவரிச் சட்டத்தில் வந்த மாற்றத்தால், கெடு தவறி, நிதியாண்டு முடிந்தும் தராமல் வைத்திருக்கும் தொகையை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. பல பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு உத்யம் எண்ணைக் கேட்டு வாங்குவதற்குக் காரணம் இதுதான். பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பிறர் செய்த பொருளை வாங்கி ஏற்றுமதி செய்யும் வணிக ஏற்றுமதியாளர் வழியாக அனுப்பும்போது ஜி.எஸ்.டி. 0.1 சதவீதம் என்ற சலுகையில் சரக்குக் கொடுப்பவர்கள் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும். உங்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 90 நாளுக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போக வேண்டும். ஷிப்பிங் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் இடம்பெற வேண்டும். அதன் நகல் உங்களுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மீதி வரிக்கு நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வரும். இந்த நகல் வரிக்கு மட்டுமன்றி வேறொன்றுக்கும் உதவும்: உங்கள் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போயிற்று என்பதை அதில் பார்க்கலாம். காலடிப்பேட்டைக்காரருக்குக் கிடைக்காத தகவல் அது.

அந்த நைரோபிக்காரர் இளைஞருக்குக் கொடுத்த ஆர்டரின் முதல் தவணை நாலு பேலட்; மற்றவர் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. கன்டெய்னரில் ஏற்றுவதற்குச் சரக்கைச் சேர்க்கும் மணலி சி.எஃப்.எஸ். கிடங்குக்குச் சரக்கு வந்துவிட்டது, ஷிப்பிங் பில் மட்டும் கணினியில் ஏறவில்லை. தந்தை எப்போதோ ஆசையாக எடுத்துவைத்த ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண், புதுப்பிக்காததால் செயலிழந்து கிடந்தது. இந்த எண் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்துக்குள் சென்று விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். விவரங்களைச் சரிசெய்து எண்ணுக்கு உயிர் கொடுத்து, மறுபடியும் தாக்கல் செய்தோம். அந்த வாரக் கப்பல் போய்விட்டது. அடுத்த வாரக் கப்பலில் ஏற்றினோம்.