வாய்க்குப் போகும் விளையாட்டு

தயிரையும் மசித்த வாழைப்பழத்தையும் தட்டில் கொட்டிக் குழப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று என்னைக் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான். குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி, அதாவது தொடுவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களுக்கு அவர்களைப் பழக்குவது, என் தொழில். ஒன்றரை வயதுக் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அதனால் தொட்டு விளையாடக் கொடுப்பது வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் செய்யாததாக இருக்க வேண்டும்.

ஆனால் ‘தின்னக்கூடியதுதானே’ என்ற நினைப்பே பெற்றோரை அசட்டையாக்கிவிடுகிறது. வீட்டில் எதை வைத்து விளையாடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் கோதுமை மாவு. மாவு வேகாத பொருள், ஈ.கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். வறுத்துக் கொடுத்தால் போதாதா என்பார்கள். வாணலியில் சூடு சீராகப் பரவுவதில்லை, அதை நம்பாதீர்கள். சோளமாவை நீரில் கரைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கூழாகக் காய்ச்சி ஆறவையுங்கள். வழவழவென்று அதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் கிடையாது. கெடாமல் இருக்க உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்த மாவு வேண்டவே வேண்டாம். அதில் ஒரு பிடி உள்ளே போனாலே சிறு உடம்பில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம்.

தட்டு நிறைய உலர்ந்த பயறு, கடலை கொட்டி வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மூக்கில் போகும், மூச்சுக்குழலிலும் போகும். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் உணவே அல்ல. விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. ஏற்கெனவே சாப்பிட்டு ஒவ்வாமை வராத பொருளாகப் பார்த்துக் கொடுங்கள்.

குழந்தை ஓங்கரித்தால் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். மூச்சு அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. பக்கத்து அறையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது காவல் ஆகாது.

இன்னொரு தொல்லை, துடைக்கும் துணி. இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். தயிரில் ஒரு விரல் பட்டதும் பத்து விரலையும் விரித்துக்கொண்டு கைகளைத் தோளுக்கு மேல் தூக்கிவிட்டாள். அம்மா பாய்ந்து துடைத்தார். மறுபடி பட்டது, மறுபடி துடைத்தார். ஈரத்துணியை அவரிடமிருந்து வாங்கி, சிறுமியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். வேண்டும்போது அவளே துடைத்துக்கொள்ளலாம். நீளக் கரண்டி ஒன்றையும் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் கரண்டியின் நுனியால் வட்டம் போட்டாள், அவ்வளவுதான். பிறகு கரண்டியைப் பிடித்த கை மெல்லக் கீழே, தயிருக்குப் பக்கத்தில் இறங்கியது. ஐந்தாம் வாரம் சுண்டுவிரலைத் தயிருக்குள் விட்டு, எடுத்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். நக்குவாள் என்று அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் விரலை என் சட்டைக் கையில் துடைத்துவிட்டு, மறுபடியும் தயிருக்குள் விட்டாள்.