பர்ஸில் நோட்டு இருந்தால் நோட்டு, இல்லாவிட்டால் கார்டு

குடும்ப வரவு செலவு பற்றி ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் ஆரம்பத்திலேயே ஒன்று கேட்பேன். நேற்றைய செலவுகளில் எதற்கு ரொக்கம் கொடுத்தீர்கள், எதற்கு கார்டு அல்லது போன், ஏன்? எதற்கு என்பதைச் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "வசதி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கொஞ்சம் தோண்டினால்தான் மற்றவை வரும்: தொகை சின்னது, கையில் சில்லறை இருந்தது, வரிசையில் பின்னால் ஆள் நின்றார், கடையில் கார்டு வாங்கவில்லை.

தொகையின் அளவு உண்மையிலேயே பெரிய காரணம். ஐரோப்பிய மத்திய வங்கியின் 2024 கணக்கெடுப்பில், யூரோ நாடுகளில் நேரில் நடந்த பரிவர்த்தனைகளில் எண்ணிக்கைப்படி 52 சதவீதம் ரொக்கம். மதிப்புப்படி பார்த்தால் 39 சதவீதம்தான். சின்னச் செலவுக்கு நோட்டு, பெரிய செலவுக்கு கார்டு.

கார்டு கையில் இருந்தால் அதிகம் செலவாகுமா? 2001-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கூடைப்பந்து டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் கட்ட வேண்டியவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு தொகைக்கு ஏலம் கேட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் காட்டிப் பயமுறுத்துபவர்கள் நிறைய. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விளைவு சிறியது, அதுவும் காலப்போக்கில் குறைந்து வருகிறது என்று தெரிந்தது. எனவே கார்டை வெட்டிப் போடச் சொல்லும் அறிவுரையை நான் தருவதில்லை.

அதே சமயம், ரொக்கமே வைத்திருப்பவர்களைப் பழைய காலத்து ஆள் என்று வீட்டில் கேலி செய்வதும் சரியில்லை. பர்ஸைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்துவிடுகிறது. கைக்கும் வாய்க்குமாக ஓட்டும் குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

மின்னணுப் பணம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். கார்டில் வாங்கிய பொருள் வந்து சேரவில்லை என்றால் வங்கியிடம் முறையிட வழி உண்டு. முன்பின் தெரியாதவர் கணக்குக்கு நாமே அனுப்பிய பணம் அப்படியல்ல. அதை மீட்பது, தொலைத்த நோட்டைத் தேடுவது மாதிரிதான். முகம் தெரியாதவரிடம் வாங்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் ஆட்டோ டெபிட், அதாவது மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகவே பணம் போகும் ஏற்பாடு. இதில் தேர்வு என்பதே முதல் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. பார்க்காத சந்தா, போகாத உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் வங்கி அறிக்கையை வரிவரியாகப் படிக்கும்போதுதான் பலருக்கும் கண்ணில் படுகின்றன.

என்னிடம் வருபவர்களை ஆட்டோ டெபிட்டுகளை மட்டும் தனிக் கணக்குக்கு மாற்றச் சொல்வேன். கைமீறிப் போகும் ஒரே ஒரு செலவுக்கு மட்டும் வாரத் தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் கார்டிலேயே இருக்கட்டும். நெட்வொர்க் படுத்துவிடும் நாளுக்காகக் கொஞ்சம் நோட்டு வீட்டில் இருப்பதும் நல்லது.