ஆக்சிலரேட்டர் தரையோடு, எஞ்சின் 5,000 சுற்றில்

அமெரிக்க டிராக் (drag) பந்தயக் காணொளிகளில் விளக்கு மாறுவதற்கு முன்பே கார் நின்ற இடத்தில் படபடவென்று வெடிக்கிறதே, எஞ்சினில் ஏதாவது கோளாறா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கோளாறு இல்லை. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்தியிருக்கிறார். ஒரு மின்னணுப் பெட்டி, எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டாதபடி பிடித்து வைத்திருக்கிறது. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்வது கிளட்ச் பெடலை ஒட்டிப் பொருத்தப்பட்ட ஒரு சிறு சுவிட்ச். அந்தக் காரிலேயே எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுதான்.

பந்தயத்தின் விதி எளியது. கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர், நேர்கோட்டில் ஓட வேண்டும். புறப்படும் இடத்தில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று அழைக்கப்படும் விளக்குக் கம்பம் நிற்கும். தொழில்முறைப் பிரிவுகளில் மூன்று மஞ்சள் விளக்குகளும் ஒன்றாக எரியும். 0.4 விநாடி கழித்துப் பச்சை. பச்சையைப் பார்த்த பிறகு கிளட்சிலிருந்து காலை எடுப்பவர் தோற்றார்; மஞ்சளிலேயே எடுத்தாக வேண்டும். அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டினால் சிவப்பு எரியும், அத்தோடு அந்தச் சுற்று முடிந்தது. இத்தனை நெருக்கடியில், வலது காலால் ஆக்சிலரேட்டரைக் கூட்டியும் குறைத்தும் எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்க மனிதரால் முடியாது. முடிந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே அளவு அமையாது.

ஏன் ஒரே அளவு வேண்டும்? நிற்கும் காரில் எஞ்சினோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் ஓர் ஆற்றல் சேமிப்பு. பள்ளியில் படித்ததுதான்: சுழல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் 7,000 சுற்றில் இருக்கும். கிளட்ச் பிடிக்கும் கணத்தில் அதில் பெரும்பங்கு டயருக்குப் போகிறது. அளவுக்கு மீறினால் டயர் வழுக்கிப் புகையைக் கக்கும். குறைந்தால் எஞ்சின் திணறி வேகம் சரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகலானது. ஒவ்வொரு காருக்கும், ஒவ்வொரு தளத்துக்கும், சில நேரம் ஒரே நாளின் காலைக்கும் மாலைக்கும்கூட அது மாறும்.

எனவே எஞ்சினுக்கு இரண்டு வரம்புகள். மேல் வரம்பு, எஞ்சின் சிதறாமல் காப்பதற்கு. கீழ் வரம்பு, புறப்பாட்டுக்கு மட்டும். 'டூ-ஸ்டெப்' என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதைத்தான். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் வளர்ந்த எம்.எஸ்.டி. நிறுவனத்தின் பழைய பெட்டிகளில், விரல் நுனி அளவுள்ள சிறு துண்டுகளைச் செருகி வரம்பை மாற்றுவார்கள். உள்ளே இருப்பது வெறும் மின்தடைதான். பந்தயக்காரர்கள் அதை 'மாத்திரை' என்பார்கள்.

பெட்டி எஞ்சினைத் தடுப்பது எப்படி? தீப்பொறியை நிறுத்தி. நான்கு வீச்சு எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை எரியும். 5,000 சுற்றில் விநாடிக்குச் சுமார் 333 தீப்பொறிகள், அதாவது மூன்று மில்லி விநாடிக்கு ஒன்று. பெட்டி ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் வேகத்தைப் பார்க்கிறது. வரம்பு தாண்டியிருந்தால் அந்தப் பொறியை விட்டுவிடுகிறது. எப்போதும் ஒரே சிலிண்டரைப் பட்டினி போட்டால் அதன் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும் என்பதால், நல்ல பெட்டிகள் சிலிண்டரை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும். எரியாமல் வெளியேறிய கலவை சூடான புகைக்குழாயில் போய்ப் பற்றிக்கொள்கிறது. வாசகர் கேட்ட வெடிச்சத்தம் அதுதான். இதே சத்தத்துக்காகத் தெருவில் ஓடும் வண்டிகளில் இப்படிப் பெட்டி மாட்டுவதை வீரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தத் தீ முதலில் தின்பது புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை. அதை மாற்ற ஆகும் செலவைக் கேட்டால் வீரம் அடங்கிவிடும்.

ஆக்சிலரேட்டரைக் குறைத்துப் பிடிப்பதற்கும் பொறியை நிறுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த ஏற்பாட்டின் அழகு இருக்கிறது. குறைத்துப் பிடித்தால், புறப்படும்போது மறுபடி காற்று வழி திறந்து, உள்ளிழுப்புக் குழாய்கள் நிரம்பி, அதன் பிறகே முழு விசை வரும். பொறியை நிறுத்தும்போது காற்று வழி முழுக்கத் திறந்தே கிடக்கிறது. கலவை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நிறைந்துகொண்டே இருக்கிறது. ஏரி தளும்ப நிற்க, மதகை மட்டும் அடைத்து வைத்தது போல. வரம்பு விலகியதும் அடுத்த பொறியே, மூன்று மில்லி விநாடிக்குள், முழு விசையோடு எரிகிறது. டர்போ பொருத்திய காரில் இன்னொரு லாபமும் உண்டு. நின்றபடியே புகைவிசை டர்பைனைச் சுழற்றி, காற்றழுத்தத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடும்.

இப்போது கம்பிக்கு வருவோம். பெட்டியில் ஒரு முனைக்கு 12 வோல்ட் கிடைத்தால் கீழ் வரம்பு, கிடைக்காவிட்டால் மேல் வரம்பு. பெரும்பாலான பழைய பெட்டிகளின் ஏற்பாடு இதுதான். சில எஞ்சின் கணினிகள் 12 வோல்ட்டுக்குப் பதிலாக எர்த்தை எதிர்பார்க்கும். பார்க்காமல் இணைத்தால் உள்ளீடு கருகிவிடலாம். சாவி திருப்பினால் உயிர்பெறும் மின்வழியிலிருந்து ஒரு பியூஸ், அங்கிருந்து கிளட்ச் சுவிட்ச், அங்கிருந்து பெட்டி. ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, மெல்லிய கம்பி போதும். ஆனால் அதைப் பிளக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பல்லாயிரம் வோல்ட் துடிக்கும் கம்பிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் கம்பியில் பொய்ச் சமிக்ஞை தூண்டப்படும். குறுக்கே போயே தீர வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

கம்பி இணைப்பது அரை மணி நேர வேலை. சுவிட்சை எங்கே வைப்பது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். பெடல் முழுவதும் கீழே இருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்க வேண்டும், சரி. மேலே வரும் வழியில் எந்தப் புள்ளியில் திறக்க வேண்டும்? பெடல் இம்மி நகர்ந்ததுமே திறந்தால், கிளட்ச் இன்னும் பிடிக்கவில்லை, வரம்போ போய்விட்டது. சுமையில்லாத எஞ்சின் முழு விசையோடு எகிறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர், சுழலும் பாகங்களின் நிலைமத் திருப்புத்திறன் 0.25 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொள்வோம். நிமிடச் சுற்றுக் கணக்கில், வேகம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 19,000 ஏறும். சுவிட்ச் திறந்ததற்கும் கிளட்ச் பிடித்ததற்கும் இடையே 30 மில்லி விநாடி கழிந்தால், 5,000 என்று நாம் நிறுத்தி வைத்தது 5,570 ஆகியிருக்கும். ஃப்ளைவீலின் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். பெட்டியில் 5,000 என்றுதான் இருக்கிறது, டயருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு. ஓட்டுநர் வரம்பை 4,800, 4,600 என்று குறைத்துக்கொண்டே போவார். பெடலிலிருந்து பாதம் எழும் வேகம் மாறும்போதெல்லாம் விடையும் மாறும்.

தாமதமாகத் திறந்தால்? இந்தப் பெட்டி வேகம் 5,000ஐத் தாண்டும்போது மட்டுமே குறுக்கிடும். கிளட்ச் பிடித்ததும் எஞ்சின் வேகம் தானாகவே அதற்குக் கீழே இறங்குகிறது, பெட்டிக்கு வேலையே இருக்காது. ஆகவே சற்றுத் தாமதம் பெரிய கேடு செய்யாது, முந்துவதுதான் கெடுக்கும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதை ஒட்டியே சுவிட்சை நிறுத்துவதுதான் சரி. பெடலின் உச்சிவரை கொண்டுபோய்விடவும் கூடாது. ஓட்டத்தின் நடுவே பாதம் லேசாகப் பெடலில் சாய்ந்தாலே எஞ்சின் மூச்சடைத்துக்கொள்ளும். கிளட்ச் தட்டு தேயத் தேயப் பிடிக்கும் புள்ளி நகரும் என்பதால், சுவிட்சைத் தாங்கும் தகடு வளையாததாகவும் நகர்த்தி இறுக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்கப் பந்தயக்காரர்களிடையே பச்சை நிறக் கார் ஆகாது, கார்களைத் தயார் செய்யும் 'பிட்' பகுதியில் வேர்க்கடலை உரிக்கக் கூடாது என்ற நம்பிக்கைகள் நெடுங்காலமாக உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியை எண்ணும் ஆட்டத்தில் கடலைத் தோலுக்கு அஞ்சுவது வேடிக்கைதான். ஒரே அமைப்பில் இரண்டு ஓட்டம் இருவிதமாக முடிந்தால், காரணம் தெரியாத மனம் எதையாவது பற்றிக்கொள்கிறது. என்னைக் கேட்டால், கடலைத் தோலைத் தேடுவதற்கு முன் அந்தச் சுவிட்சின் தகடு எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அளந்து பார்ப்பேன்.

இந்தப் பெட்டிக்கு டயரின் பிடியைப் பற்றி எதுவும் தெரியாது. சக்கரம் வழுக்குகிறதா என்று அளந்து தானாகத் திருத்தும் கருவிகளைப் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. தடை செய்திருக்கிறது, டூ-ஸ்டெப் குருடாக ஓர் எண்ணை மட்டுமே காப்பதால் அனுமதிக்கப்படுகிறது. அதன் குருட்டுத்தனம் கியர் மாற்றும்போது வெளிப்படும். இரண்டாம் கியருக்குப் போகக் கிளட்சை மிதித்தால், ஓட்டம் தொடங்கிவிட்டது என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? 7,000 சுற்றில் ஓடும் எஞ்சினின் பொறிகளை, வேகம் 5,000க்கு இறங்கும்வரை அது வெட்டித் தள்ளும். இதற்குத் தீர்வாக, கியர் தண்டில் முதல் கியரில் மட்டும் மூடியிருக்கும் இன்னொரு சுவிட்சைப் பொருத்தி, இரண்டையும் தொடர் இணைப்பில் கட்டுவார்கள். இரண்டும் மூடியிருந்தால்தான் 12 வோல்ட் பெட்டியை எட்டும்.

தொழில்முறைப் பிரிவுகளில் ஒன்றான புரோ ஸ்டாக்கில் இந்தச் சிக்கலே கிடையாது. 8.2 லிட்டர் எஞ்சின்கள். 2016 முதல் மேல் வரம்பு 10,500 சுற்று என்று விதியே சொல்லிவிட்டது. அவற்றின் ஐந்து வேக கியர்பெட்டி கிளட்ச் மிதிக்காமலே அடுத்த கியருக்குத் தாவும் வகை. ஓட்டத்தில் கிளட்ச் பெடலுக்கு வேலை புறப்படும்போது மட்டும்தான். அங்கே ஒரு சுவிட்ச் போதும்.