வேலி இல்லாத வயலில் வேலி எழுந்த கதை

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 1960கள் வரை நெல்லறுப்புக்கு அரிவாளை அதிகம் எடுக்க மாட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் 'அனி-அனி' என்ற சின்னக் கத்திதான். அதை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொரு கதிராக அறுப்பார்கள். நெல் தெய்வமான தேவி ஸ்ரீ மிரண்டுவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பயிரைப் பார்த்தாலும் அது சரியான வழிதான். பழைய ரகங்கள் உயரமாக வளரும். ஒரே வயலில் ஒரு கதிர் பழுத்திருக்க, பக்கத்துக் கதிர் பச்சையாக நிற்கும். பழுத்ததை மட்டும் காம்போடு அறுத்துக் கட்டாகக் கட்டி வைத்தால், வேண்டும்போது எடுத்துக் குத்திக்கொள்ளலாம்.

இதற்கு நிறையக் கைகள் வேண்டும். அதனால் அறுப்பு நாளில் வருகிறவர்களை யாரும் தடுக்க மாட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட வருவார்கள். கூலி பணமாக இல்லை. அறுத்த நெல்லில் ஒரு பங்கு. அதற்குப் பெயர் 'பாவோன்'. உறவுக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொஞ்சம் தாராளமாகவே கிடைக்கும். நிலமில்லாத குடும்பங்களுக்கு அந்தப் பங்குதான் அடுத்த சில மாதச் சோறு.

1966இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் 'பெட்டா', இன்னொன்று தைவானின் குட்டை ரகம். குட்டைக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. தண்டை நீளவைக்கும் ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன் அதனால் குறைவாகச் சுரக்கிறது. நெட்டைப் பயிருக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் நிமிர்ந்து நிற்கும், தின்ற உரம் மணியாக மாறும். சீக்கிரமும் விளையும். தண்ணீர் இருந்த இடங்களில் வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்க அது வழிசெய்தது. பசியோடு இருந்த இந்தோனேசியாவுக்கு இது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே குட்டைத் தண்டு அனி-அனியின் வேலையையும் பறித்தது. கதிர்கள் ஒன்றாகப் பழுத்தன, மணிகள் எளிதில் உதிர்ந்தன. கட்டாக வைத்திருக்க முடியாது; அரிவாளால் அறுத்து, வயலிலேயே அடித்து, மூட்டை கட்டுவதே வசதி. அரிவாள் பிடித்தால் முன்பைவிடக் குறைந்த ஆட்கள் போதும்.

அப்புறம் பணம். உரமும் பூச்சிமருந்தும் கடனில் வந்தன. கடனைப் பணமாகத்தான் அடைக்க வேண்டும். முன்பு ஊரோடு பகிர்ந்ததாக இருந்த பாவோன், இப்போது கணக்கில் செலவாகத் தெரிய ஆரம்பித்தது. ஆனாலும் நிலக்காரர் எப்படி "வராதே" என்பார்? வாசலில் நிற்பது சித்தப்பா மகள், அல்லது பிள்ளைப்பேறு பார்த்த கிழவி. நாளைக்கும் அதே தெருவில்தான் அவர் நடக்க வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் 'தெபாசான்' வேகமாகப் பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கிற பயிரை நிலக்காரர் ஒரு வியாபாரிக்கு மொத்தமாக விற்றுவிடுவார். வியாபாரி தன் ஆட்களை அரிவாளோடும் தராசோடும் கூட்டிவருவார், எடைக்குக் கூலி கொடுப்பார். ஊர்க்காரர்கள் வந்தால், "நான் விற்றுவிட்டேனே அம்மா, இனி அவர் பயிர்" என்று சொல்லிவிடலாம். உறவு முறியாமல் மறுக்க ஒரு வழி! விலைபோனது நெல் மட்டுமல்ல, மறுக்கும் சங்கடமும்தான். சந்தை என்றாலே விலை ஏறுவதும் இறங்குவதும்தான் என்று நினைக்கிறோம். இங்கே அது யாரிடம் யார் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதையே மாற்றியிருக்கிறது.

அதே சமயத்தில் சின்ன அரிசி ஆலைகளும் ஊர் ஊராக வந்தன. உலக்கை பிடித்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த வருமானமும் போனது.

சில ஊர்களில் வேறொரு ஏற்பாடு வலுத்தது. அதை 'செப்லோக்கான்' என்பார்கள். கூலி வாங்காமல் நாற்று நட வேண்டும், சில இடங்களில் களையும் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தவருக்கு மட்டுமே அந்த வயலில் அறுக்கும் உரிமை. முன்பு அறுப்பு நாளில் சும்மா வந்து இறங்கியவர், இப்போது அந்த ஒரு நாளுக்காக நடவிலிருந்தே உழைத்துக் கொடுத்துக் காத்திருந்தார்.