எலிக்காய்ச்சல்: உடம்பு பிந்தி இனங்காணும் கிருமி

பெரும்போக வயல் வேலை மும்முரமாகும் நாட்களில் மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து காய்ச்சலோடு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பனடோல் போட்டார்கள், காய்ச்சல் இறங்கியது, மறுபடியும் வயலில் இறங்கினார்கள். நான் முதலில் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன். பிறகு கெண்டைக்காலை அழுத்துவேன். பீளையில்லாமல் கண் சிவந்து, கை பட்டதுமே காலை இழுத்துக்கொண்டால், எலிக்காய்ச்சல் என்றே கருதி, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவேன். காத்திருப்பது ஆபத்து. ஏன் என்பதற்கான விடை நம் வெண்குழியங்களில் இருக்கிறது.

அவற்றின் மேற்பரப்பில் டோல் வாங்கிகள் என்ற புரதங்கள் உள்ளன. பக்டீரியாக்களுக்கே உரிய சில மூலக்கூறுகளை அவை பிறவியிலேயே அறியும். தடுப்பூசியோ முன் அனுபவமோ தேவையில்லை. நான்காம் டோல் வாங்கி, பல பக்டீரியாக்களின் வெளியுறையிலுள்ள கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருளை இனங்காண்கிறது. 1998இல் இதைக் கண்டறிந்த புரூஸ் பியூட்லருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் பொருள் வாங்கியில் ஒட்டியதும் கலத்துக்குள் சமிக்ஞை ஓடுகிறது. என்எஃப் கப்பா பி என்ற புரதம் கலத்தின் கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. வெளியாகும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் மூளையில் புறொஸ்டகிளண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. அதுதான் காய்ச்சல். பனடோல் இந்தக் கடைசிப் படியை மட்டுமே அடக்கும், கிருமியைத் தொடுவதேயில்லை.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியாவின் உறைப் பொருள் வேறு விதமாக அமைந்திருப்பதால், மனிதரின் நான்காம் வாங்கிக்கு அது பிடிபடுவதில்லை. சுண்டெலியின் அதே வாங்கியோ அதை இனங்கண்டுவிடும்! நமக்கு இரண்டாம் வாங்கி போன்றவை கைகொடுக்கின்றன என்றாலும், அதற்குள் கிருமி இரத்தத்தில் பெருக அவகாசம் கிடைத்துவிடுகிறது. பிறகு எழும் அழற்சி சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் சேர்த்தே தாக்கக்கூடும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது இன்னொரு பழக்கம். கை கால் உளைவுக்கென்று பாமசியில் டைக்குளோபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் பாய உதவுவதும் புறொஸ்டகிளண்டின்தான். ஏற்கெனவே கிருமி தாக்கும் உறுப்பில் இந்த மாத்திரை அதையும் குறைத்தால் என்னாவது? வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்தும் சேரும். தயவுசெய்து வேண்டாம்.

காய்ச்சல் வந்தால், கடந்த இரண்டு மூன்று கிழமைக்குள் வயலிலோ வாய்க்காலிலோ இறங்கியதை வைத்தியர் கேட்குமுன்பே சொல்லுங்கள். சலம் போவது குறைந்தால் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள்.

வேலை தொடங்குமுன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பற்றிக் கேளுங்கள். தடுப்புக்காக வழக்கமாகக் கொடுப்பது கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.