செம்புப் பாட்டிலில் எலுமிச்சை வேண்டாம்

பெங்களூரில் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நம்மவர்கள் வீட்டுச் சமையலறைக்குச் செம்புக் குடம் திரும்ப வந்துவிட்டது. இரவு நிரப்பி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. 2012இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், கிருமி கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போயின. தண்ணீரில் இறங்கிய செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்போ 2 மில்லிகிராம்.

அதே செம்புக் குடத்திலோ பாட்டிலிலோ எலுமிச்சையைப் பிழிந்தால் கணக்கே மாறிவிடும். புளிப்பு பட்டால் செம்பு கரையும். மோர், புளித்தண்ணீர், ரசம், பழச்சாறு எதையும் அதில் ஊற்றக் கூடாது. பாட்டில் மூடியைத் திறந்து மரையைப் பாருங்கள். பச்சையாக ஏதோ படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் களிம்பு. வயிற்றுக்குள் போனால் கொஞ்ச நேரத்திலேயே வாயில் உலோகச் சுவை, குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி. வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வருகிறவர்களிடம், எந்தப் பாத்திரத்தில் குடித்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

வாரம் ஒருமுறை புளியும் உப்பும் போட்டுத் தேயுங்கள், ஆனால் ஊறவைக்காதீர்கள். மரையையும் மூடியின் உள்பக்கத்தையும் பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று முறை அலசி, அடுத்து முதலில் நிரப்பும் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.

வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சவே கூடாது. 1980களில் புனே வட்டாரத்தில் கைக்குழந்தைகளின் ஈரலைச் சுருங்கவைத்த நோயை ஆராய்ந்தவர்கள், பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அந்தப் பழக்கம் குறையக் குறைய நோயும் அரிதாகிவிட்டது.

பெரியவர் ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்தச் செம்பே சுமார் 100 மில்லிகிராம்தான். நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும்; எள், முந்திரி, பருப்பு, ஆட்டு ஈரல் இவற்றிலேயே அது கிடைத்துவிடும். மிச்சத்தை ஈரல் பித்தத்தில் கலந்து மலத்தோடு அனுப்பிவிடும். சிறுநீரில் போவது மிகமிகக் கொஞ்சம். ஆகவே செம்பு வெளியேற முக்கியமான வழி பித்தம் ஒன்றுதான்.

அந்த வழியே பிறவியிலேயே அடைபட்டிருப்பதுதான் வில்சன் நோய். இதை விவரித்து எழுதியவர் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன், ஆண்டு 1912. ஏடிபி7பி என்ற மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால்தான் இந்த நோய் வரும். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

பள்ளிப் பிள்ளைக்குக் காரணம் தெரியாமல் காமாலை வரும். இல்லையென்றால் அழகாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து கோணும், பேச்சு குழறும், எச்சில் வழியும், கை நடுங்கும், கோபம் மிஞ்சும். படிப்பில் கவனமில்லை என்று திட்டியே ஒரு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வருடம் மிகப் பெரிய இழப்பு. கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற விளக்குக் கருவியில் பார்ப்பார். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலோ சந்தேகம் வலுக்கும். நம் பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கு நீண்ட காலமாகச் சிகிச்சை அளிக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு உறுதியானால், கூடப்பிறந்தவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சோதித்தே ஆக வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

பெனிசிலமைன், டிரையன்டீன் என்ற மருந்துகள் செம்பை இழுத்து வெளியேற்றும். துத்தநாக மாத்திரை செம்பைக் குடலிலேயே தடுக்கும். எந்த மாத்திரையானாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போதான் போட வேண்டும். ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். உடம்பு தேறிவிட்டதே என்று கல்லூரி விடுதியில் மாத்திரையை விட்ட பிள்ளைக்கு, சில மாதங்களில் ஈரல் முற்றிலும் செயலிழந்துபோகலாம்.