கார ஊக்கக் கசடு சிமெண்டில் நானோ சிலிக்கா: எவ்வளவு, எப்போது?

இரும்பு ஊதுலைக் கசடை உருகிய நிலையிலேயே நீரடித்துக் குளிர்வித்தால் கண்ணாடித்தன்மையுள்ள மணலாகிறது. அதை மாவாக அரைத்து, காஸ்டிக் சோடாவும் வாட்டர் கிளாஸும் (சோடியம் சிலிகேட் கரைசல்) கலந்த காரக் கரைசலை ஊற்றினால் போர்ட்லண்ட் சிமெண்ட் துளியும் இல்லாமலே இறுகும். இதுதான் கார ஊக்கக் கசடு சிமெண்ட். வலுவுக்குக் குறைவில்லை, சுருக்கமும் மயிரிழை விரிசலும்தான் தொல்லை.

காரம் கசடுத் துகளைக் கரைக்க, வெளிவரும் கால்சியம், சிலிக்கா, அலுமினா மூன்றும் ஜெல்லாகி அந்தத் துகள் மேலேயே படிகின்றன. படலம் தடித்ததும் உள்ளிருப்பது கரைவது மந்தமாகிவிடும். 10 முதல் 40 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா, அதாவது நானோ சிலிக்கா, கசடுத் துகள்களுக்கு நடுவிலுள்ள நீரில் பரவி நின்றால், ஜெல் அதன் மேலும் பற்றி வளரும். இடைவெளிகள் அடைபடும்.

1 கிலோ கசடுக்கு ஒரு கணக்கு: காரக் கரைசலில் இருக்க வேண்டிய சோடியம் ஆக்சைடு கசடின் எடையில் 5%, அதாவது 50 கிராம், சிலிக்கா அதைப்போல் 1.2 மடங்கு, 60 கிராம். 29% சிலிக்காவும் 9% சோடியம் ஆக்சைடும் உள்ள வாட்டர் கிளாஸ் 207 கிராம், காஸ்டிக் சோடா சுமார் 40 கிராம். இதில் 2% நானோ சிலிக்கா, 20 கிராம், சேர்க்கிறோம். அதுவும் காரத்தில் கரையக்கூடியது. முழுதும் கரைந்தால் விகிதம் 1.2 அல்ல, 1.6. வாட்டர் கிளாஸைக் குறைத்து, காஸ்டிக் சோடாவைக் கூட்டி இதை ஈடுகட்டாமல் செய்த சோதனையில், பலன் நானோவால் வந்ததா, சிலிக்கா கூடியதால் வந்ததா என்று பிரித்தே சொல்ல முடியாது.

வரிசை இன்னும் முக்கியம். 30% கூழ்ம சிலிக்காவை (நானோ சிலிக்கா நீரில் பரவிய திரவம்) நேரே காரக் கரைசலில் ஊற்றக் கூடாது. ஒத்த மின்னூட்டத்தால் விலகி நிற்கும் துகள்கள் சோடியம் அயனிகள் பெருகியதும் ஒட்டிக் கட்டியாகும். அப்புறம் அவை வெறும் பலவீனப் புள்ளிகள். காரக் கரைசலை முந்தின நாளே தயாரித்து ஆறவிடுங்கள் (காஸ்டிக் சோடாவைத்தான் நீரில் போட வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்). கூழ்ம சிலிக்காவை மீதி நீரில் கலந்து, கசடை அதில் நனைத்து, கடைசியாகக் காரக் கரைசலைச் சேருங்கள். கூழ்மத்தில் உள்ள 47 கிராம் நீரை மொத்த நீரில் கழிக்க மறக்காதீர்கள்.

3 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கலவை கெட்டிப்பட்டுவிடும். இளக்கப் பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர் உதவாது; கடுங்காரத்தில் அது சிதைகிறது. காஸ்டிக் சோடா மட்டும் உள்ள கலவையில் நாப்தலீன் வகை தாங்கும்.

சுருக்கத்துக்கு நானோ சிலிக்கா மருந்தல்ல. துளைகள் நுண்ணியதாக ஆக, நீர் உலரும்போது இழுவிசை கூடுகிறது. சுருக்கம் அதிகரிக்கவும் செய்யலாம். அது முக்கியமானால் காரத்தில் கரையாத நானோ டைட்டானியம் டைஆக்சைடை 0.5% அளவில் சோதித்துப் பாருங்கள். எதைச் சேர்த்தாலும் அச்சில் ஊற்றியதுமே பிளாஸ்டிக் தாளால் மூடி, முதல் வாரம் உலரவிடாமல் வையுங்கள்.